யாருக்கு, யாரை

கடற்சுவரை ஒட்டி ஓடும் தொடரியில் ஏறியதும், கதவருகே இருக்கும் திரை எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்கும்: ‘இந்த வாரம் யாரையாவது காட்டிக்கொடுத்தீர்களா?’ ஆம் என்றால் ஓர் இருக்கை விரியும். இல்லை என்றால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நிறைமதி மூன்று ஆண்டுகளாக நின்றுகொண்டுதான் போகிறாள்.

யார்மீதும் தனிப் பாசம் இருந்ததால் அல்ல. தன் கண்ணையே அவள் நம்புவதில்லை. எதிர்வீட்டுக்காரர் அளவுக்கு மேல் தண்ணீர் பிடித்தாரா, இல்லை குடம்தான் பெரியதா? சரியாகத் தெரியாமல் எப்படிப் பதிவது? ஜன்னலோரத்தில் தினமும் உட்கார்ந்து வரும் செண்பகத்தக்கா, “என்னம்மா, ஒங்க தெருவுல எல்லாரும் தெய்வமா?” என்று கேட்பாள். நிறைமதி சிரித்து மழுப்புவாள்.

இந்த ஆண்டு இறுதித் தேர்வில் ‘காட்டிக்கொடு’ என்ற அந்தச் சொல்லே அவளுக்கு வந்து விழுந்தது. மாலை வகுப்பில் ஆளுக்கு ஒரு சொல். அதன் பிறப்பையும் பொருளையும் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் எழுதி, விடை திருத்தும் சொற்பொறியிடம் ஒப்படைக்க வேண்டும். தேறினால் அகராதி தயாரிக்கும் சொல்லகத்தில் வேலை. தவறினால் ஆயுள் முழுக்க மீன் பதனிடும் கூடத்தில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்ட வேண்டியதுதான்.

நோட்டில் கோடு போட்டுக்கொண்டு தொடங்கினாள். சொல்லிக்கொடு: யாருக்கு? பிள்ளைக்கு. வாங்கிக்கொடு: யாருக்கு? அம்மாவுக்கு. ‘கொடு’ வந்து ஒட்டினால் அடுத்தவருக்கு நன்மை. சொற்பொறியின் அகராதியும் ‘காட்டிக்கொடு: உதவு’ என்றே சொன்னது. ஆனால் ஓர் இடம் உறுத்தியது. இந்தச் சொல்லில் மட்டும் ‘யாருக்கு’ என்று யாரும் கேட்பதில்லை; ‘யாரை’ என்றுதான் கேட்கிறார்கள். மற்றச் சொற்களில் கொடுக்கப்படுவது பாடம், பண்டம். இதில் கொடுக்கப்படுவது ஆள்.

தேநீர் இடைவேளையில் பக்கத்து இருக்கை சவரிராயனிடம் கேட்டாள். பகலில் குடிநீர்க் குழாய் பழுது பார்ப்பவன். அவளைக் கேலி செய்துகொண்டே தன் குறிப்புகளையெல்லாம் தந்துவிடுபவன். கேள்வியைக் கேட்டதும் அவன் கோப்பையை வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தான்.

“எங்கம்மா கோவத்துல மட்டும் சொல்லும். தம்பி செஞ்சத நான் போயி ஐயாகிட்ட சொல்லிட்டா, ‘ஏலே, கூடப் பொறந்தவனையே காட்டிக்குடுத்துட்டியே’ன்னு முதுகுல ஒண்ணு வைக்கும். அது ஒதவி இல்ல, நிறைமதி. நம்மள நம்பி இருக்கவன எதிராளி கையில புடிச்சுக் குடுக்கது.”

“அகராதியில இல்லையே.”

“இருந்ததத்தான் அழிச்சிட்டாங்களே. பழைய அர்த்தம் ஞாபகம் இருக்குன்னு தெரிஞ்சாலே ஆளத் தூக்கிருவாங்க. நோட்டுல எழுதிராத, என்ன?”

மாட்டேன் என்றாள். அப்போது உண்மையாகவே சொன்னாள்.

ஒப்படைக்கும் நாளில் கட்டுரையை நான்கு முறை படித்துப் பார்த்தாள். பாதிச் சொல்லை எழுதியதுபோல் இருந்தது. இரண்டாம் பொருளையும் சேர்த்தாள், பெயர் போடவில்லை. சொற்பொறி உடனே திருப்பியது: ‘ஆதாரம் இல்லை. இப்பொருள் உங்கள் கற்பனையா?’

கீழே இரண்டு கட்டங்கள்: ‘கற்பனை’, ‘ஆதாரம்’. ‘கற்பனை’யைத் தொட்டால் அந்த வரி அழியும், தேர்வு போகும், சவரிராயன் தப்புவான். விரல் முதலில் அங்கேதான் போனது. ஆனால் வாழ்நாளில் முதல்முறையாக ஒன்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. அதையும் கற்பனை என்று எப்படிச் சொல்வது? விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. பெயர், இருக்கை எண், இடைவேளை நேரம். எதையும் அரைகுறையாக எழுதி அவளுக்குப் பழக்கமில்லை.

‘ஆதாரம் ஏற்கப்பட்டது’ என்றது திரை. சற்றுக் கழித்து, ‘எடுத்துக்காட்டு வாக்கியம் தேவையில்லை.’

மறுநாள் மாலை பக்கத்து இருக்கை இல்லை. தரையில் நான்கு திருகாணித் துளைகள் இருந்தன. அகராதியில் அந்தச் சொல்லுக்கு முன்போலவே ‘உதவு’ என்ற ஒரே பொருள்தான். அவள் தேறியிருந்தாள்.

அடுத்த நாள் காலை தொடரியின் திரை அவளிடம் எதையும் கேட்கவில்லை. இருக்கை தானாக விரிந்தது. செண்பகத்தக்கா முழங்காலை ஒதுக்கி இடம் விட்டாள்.

“ஒக்காரும்மா. மொதத் தடவ அப்படித்தான் இருக்கும். யாருக்கு ஒதவுன?”

நிறைமதி உட்கார்ந்தாள். கம்பியைப் பிடித்த கை மட்டும் இன்னும் விடவில்லை.

“சவரிராயனை” என்றாள்.