முகுளத்தின் பிழை

தண்ணீர் எடுக்க எழுந்த சகாயராணிக்குக் கண் இருட்டியது. நினைவு வந்தபோது கிரேன் அறையின் இரும்புத் தரையில் கிடந்தாள். வெளியே, அவள் தூக்கி நிறுத்தியிருந்த கன்டெய்னர் துறைமுகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"யக்கா, எந்திரிக்காதீங்க." வாக்கிடாக்கியில் இசக்கி. கப்பல் தளத்தில் நின்று அவளுக்கு வழி சொல்பவன். "சிக்னல் அறுந்து எல்லாருக்கும் சீராக்கி நின்னுபோச்சு. நானும் மல்லாக்கத்தான் கெடக்கேன்."

அழுத்தச் சீராக்கி, மூளையின் அடியில் முகுளத்தை ஒட்டிப் பதிக்கப்படும் நெல்மணியளவு கருவி. நாம் எழுந்தால் ரத்தம் கால்களுக்கு இறங்கும். கழுத்து நாடி அதை உணர்ந்து சொல்ல, முகுளம் இதயத்தை விரட்டி ரத்தக் குழாய்களை இறுக்கும். அதே வேலையைச் சீராக்கி இன்னும் துல்லியமாகச் செய்தது. உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு அது கட்டாயம். யாரும் மயங்கி விழுவதில்லை. வேலையற்றுப்போன முகுளம் மட்டும் தன் தொழிலை மறந்துவிட்டிருந்தது.

"கீழ யாரும் இருக்காங்களா?"

"சேவியர் அண்ணன். விழுந்ததுல தலையில அடி, பேச்சுமூச்சில்ல. நேரா அவருக்கு மேலதான் கன்டெய்னர் தொங்குது. அதைப் பிடிச்சிருக்க பூட்டு ஒரு பக்கம் வேற கழண்டுட்டு."

கிரேனை இயக்கும் நெம்புகோல் அவள் தலைக்கு மேலே இருந்தது. முழங்கையூன்றி எழும்பினாள். மறுபடி இருட்டு. கால்களைப் பின்னித் தொடைகளை இறுக்கினாள். இருட்டு கொஞ்சம் விலகியது. கை நெம்புகோலைப் பற்றியது. படுத்த இடத்திலிருந்து வானம் மட்டுமே தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியல, இசக்கி. நீதான் சொல்லணும்."

"எனக்கு நல்லாத் தெரியுது. இடது பக்கம். மெதுவா… நிறுத்துங்க. ஆட்டம் அடங்கட்டும்."

கம்பிவடம் முனகியது. அவள் விரல்கள் மரத்துக்கொண்டிருந்தன.

"இன்னும் கொஞ்சம். அண்ணன் காலைத் தாண்டணும்… தாண்டிட்டு. இறக்குங்க."

கன்டெய்னர் தளத்தில் மோதிய அதிர்வு கிரேன் உச்சிவரை வந்தது. அப்போதுதான் தன் நாடி காதுக்குள் தடதடப்பதைக் கேட்டாள். பல வருடமாகக் கேட்காத சத்தம். சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். இருட்டவில்லை. மெல்ல எழுந்து நின்றாள்.

சற்றைக்கெல்லாம் சீராக்கி உயிர்பெற்றது. தடதடப்பு சட்டென்று அடங்கியது.

சேவியர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் சோதனைக்கு வந்த பொறியாளர் அவள் கழுத்தருகே கருவியைப் பிடித்துத் திரையைப் பார்த்தார்.

"ஒரே ஒரு கோளாறுதாம்மா. சீராக்கி நின்ன நேரத்துல உங்க முகுளம் தானாவே அழுத்தத்தை ஏத்தியிருக்கு."

"அதனாலதான சார் எந்திரிச்சு நின்னேன்."

"இருக்கலாம். அப்படியே விட்டிருந்தா நாலஞ்சு நாள்ல பழையபடி கத்துக்கிட்டிருக்கும். ஆனா ரெண்டு பேர் ஒரே இதயத்தை ஓட்டக்கூடாதுல்ல? பிழைன்னு பதிவாகி, திருத்தமும் போட்டாச்சு. இனிமே அது முயற்சி பண்ணாது."

"சீராக்கி மறுபடி நின்னுபோச்சுன்னா?"

"அப்ப படுத்துக்கணும்," என்றார் பொறியாளர், அடுத்தவரை உள்ளே அழைத்தபடி.