வட்டம் வருவதற்கு முன்

அழகுமீனாவின் கணக்கில் ஒரு கழித்தல் குறி விழுந்திருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை வட்டம் தெரிந்ததும் ஸ்பேஸ் பட்டனைத் தட்ட வேண்டும். தட்ட எத்தனை மில்லி செகண்டு ஆனது என்று அவள் எழுதிய புரோகிராம் குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான் சோதனை. கருப்பம்மாளோ வட்டம் வருவதற்கு இருநூறு மில்லி செகண்டு முன்னாலேயே தட்டியிருந்தாள். ஒரு தடவை அல்ல, நாற்பது தடவையும்.

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. நாளைக் காலை ஆராய்ச்சி கைடிடம் இதைக் கொடுக்காவிட்டால் மூன்று வருட ஆராய்ச்சி பாழ். வட்டம் எப்போது வரும் என்பது வெறும் குலுக்கல். பட்டாசுக்கு மருந்து அடைக்கும் இந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?

"வெளிச்சத்தப் பாத்த பொறவா ஓடுவாக, தாயி?" வேலைக்கு எழுந்து போகும்போது கருப்பம்மாள் கேட்டாள். "எங்களுக்கு அதுக்கு முந்தியே காலு வாசலுக்குப் போயிரும். நீங்க கதவ மட்டும் சாத்தாதீக."

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனியின் லேபிள் அறை அது. சோதனைக்கு இருட்டு வேண்டும். ஜன்னல் கம்பிகளின் மேல் லேபிள் தாளை ஒட்டியாயிற்று. அழகுமீனா கதவைச் சாத்தி, துருப்பிடித்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் தள்ளிப் போட்டாள். வெளியே மூன்று மணி வெயில் காய, உள்ளே பசையும் கந்தகமும் கலந்த நெடி தொண்டையில் உட்கார்ந்துகொள்ள, லேபிள் கட்டுகளுக்குப் பின்னால் எதுவோ தாளை மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தது. எலிதான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக முதலில் கீபோர்டைத் திட்டினாள். வேறொன்றை மாட்டினாள். யாரையும் உட்காரவைக்காமல் புரோகிராமை ஓடவிட்டாள்.

டக்.

பிறகுதான் வட்டம் வந்தது. நானூறு முன்னால்.

டக். எண்ணூறு.

"சனியன்!" வயரைப் பிடுங்கினாள். மேசைமேல் தனியாகக் கிடந்த கீபோர்டில், அவள் கண்ணெதிரே, பட்டன் அமுங்கியது.

டக்.

இந்த முறை வட்டம் வரவில்லை. டக். டக். வெளிச்சம் வராமலே திரையில் வரி வரியாகப் பதிவு ஏறியது. சுரண்டல் நின்றிருந்தது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. ஜன்னல் தாளைக் கிழித்து வெளியே பார்த்தாள்.

பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். செருப்பில்லாமல், வெயிலில். முன்னால் கருப்பம்மாள். யாரும் கத்தவில்லை. எந்தச் சத்தமும் இன்னும் கேட்கவில்லை.

கதவுக்குப் பாய்ந்தாள். தாழ்ப்பாள் அசையவில்லை.

டக்டக்டக்டக்.

நின்றது.

முதுகுக்குப் பின்னால் அறை வெளுத்தது. தாழ்ப்பாளைப் பிடித்திருந்த அவள் விரல்களின் நிழல், கதவில் கறுப்பாக விழுந்தது.