பதிந்துகொண்டு போன அழுகை

பங்குனி வெயில் உச்சிக்கு ஏறியிருந்த நேரத்தில்தான் சுருளிவேல் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றான். வருடம் அறுபத்து மூன்று. சாணார்பட்டிக்குக் கிழக்கே இரண்டு மைல் தள்ளி, தோட்டத்துக் கிணற்றை ஒட்டிய பழைய ஓட்டு வீடு அது. தோளில் தோல் உறை போட்ட ஒரு பெட்டி, கக்கத்தில் படுக்கைச் சுருள், முகம் நிறையச் சிரிப்பு. ரேடியோவுக்கு நிகழ்ச்சி தயாரிக்கிறவன் என்றான். நடிகர்களைப் பேச வைத்து ஊரை ஏமாற்றுவது தனக்குப் பிடிக்காது, வாழ்கிறவர்களோடு கூடவே இருந்து அவர்கள் உழுவதையும் உண்பதையும் உள்ளபடி பதிவதுதான் தன் வேலை என்றான். பதினைந்து நாள் தங்க இடம் கேட்டான்.

வீட்டுக்காரன் கண்ணுசாமிக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. அவன் மனைவி கருப்பம்மாளுக்கும்தான். சுருளிவேல் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவன் இல்லை. மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்தான், கத்தரிக்காய் பறித்தான், வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கம்மங்கூழ் குடித்தான். மூன்றாம் நாளே கண்ணுசாமியை மச்சான் என்றும் கருப்பம்மாளை அக்கா என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டான். கூடப்பிறந்தவன் இல்லாத கருப்பம்மாள் அந்த ஒரு சொல்லில் உருகிப்போனாள். வெகுளிப் பெண்பிள்ளை. அக்கா என்று கூப்பிடுகிறவன் எல்லாம் தம்பி ஆகிவிடுவானா?

அந்தச் சுற்றுவட்டாரத்தில் எழவு விழுந்தால் முதலில் ஆள் அனுப்புவது கருப்பம்மாளுக்குத்தான். ஒப்பாரி பாட அவளை விட்டால் ஆள் கிடையாது. அவள் வகையறாவில் அதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மனசில் இருப்பதையெல்லாம் கொட்டி அழ வேண்டும். அப்புறம் போய் வா என்று அனுப்பி அழ வேண்டும். கூப்பிட்டவள் அனுப்பாமல் எழுந்திருக்கக் கூடாது. சாவு இல்லாத நாளில் ஊருக்குள் அதைப் பாடவே கூடாது.

சுருளிவேல் அதைத்தான் கேட்டான். பத்து நாள் மறுத்தாள். கிளம்புவதற்கு முதல் நாள் அவன் கண்ணில் தண்ணீரோடு வந்து நின்றான். பொய் அழுகை வேண்டாம், உனக்கென்று ஒரு சாவு இருக்குமே, அதை அழு, ஊர் எல்லை தாண்டி வறண்ட கண்மாயில் உட்கார்ந்து அழுதால் போதும் என்றான்.

"சத்தியமா சொல்றேன்க்கா. இந்த ஊர்க் காதுல இது விழாது."

கண்மாய்க்குள் உட்கார்ந்து அவள் மகளைக் கூப்பிட்டாள். அய்யம்மா. ஆறு வயதில், மூன்று வருடத்துக்கு முன்னால் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்த பிள்ளை. விளையாடப் போய் வழுக்கி விழுந்தது என்றுதான் ஊரே நம்பியிருந்தது. கண்ணுசாமியும் அப்படித்தான் நம்பியிருந்தான். உண்மை கருப்பம்மாளுக்கு மட்டும் தெரியும். அன்றைக்கு அது பாட்டில் வந்துவிட்டது.

"கஞ்சிக்குத் தண்ணியின்னு காலுநொந்த பிள்ளையத்தான்
நெஞ்சுல ஈரமில்லாம நாந்தானே அனுப்பிவச்சேன்..."

ஒலிப்பதிவுப் பெட்டியில் டேப்பின் இரண்டு சக்கரங்களும் சுற்றிக்கொண்டே இருந்தன. பொழுது சாயும்வரை அழுது, முறைப்படி பிள்ளையை அனுப்பிவிட்டு, வீடு திரும்பித் தலை முழுகினாள். மூன்று வருடப் பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

சித்திரையில் கண்ணுசாமி பேருக்கு ஒரு கார்டு வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு ரேடியோவில் உங்கள் வாழ்க்கை, ஊரைக் கூட்டிக் கேளுங்கள் மச்சான் என்று சுருளிவேல் எழுதியிருந்தான். கண்ணுசாமி வீடு வீடாகப் போய்ச் சொன்னான். பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. குழாய் ஸ்பீக்கரில் முதலில் கமலைச் சத்தம், மாட்டு மணி, கண்ணுசாமி மாட்டை அதட்டும் குரல். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து வந்தது கருப்பம்மாளின் அழுகை.

ஸ்பீக்கர் அதைத் தெருத்தெருவாக எறிந்தது. அய்யம்மா, அய்யம்மா என்று கூப்பிட்டது. கஞ்சிக்குத் தண்ணி என்ற அடியும் வந்தது. அதோடு அழுகை அறுந்து, இதுதான் நம் மக்களின் வாழ்க்கை என்று சுருளிவேல் வழவழப்பாகச் சொன்னான். வீணை வாசித்தார்கள். அனுப்பி அழுத பாதி வரவே இல்லை.

கண்ணுசாமி சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"நீயா அனுப்புன?"

அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து அவன் அவள் கையால் வாங்கிச் சாப்பிடவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் கருப்பம்மாள் அடுப்படியில் நின்றிருந்தாள். காற்று சுத்தமாக இல்லை. காக்கைகூடக் கத்தவில்லை. எங்கிருந்தோ கிணற்றுப் பாசி வாடை வந்தது.

இடது இடுப்பு கனத்தது.

பிள்ளையைத் தூக்கி வைத்தால் எந்தப் பக்கம் சாய்வாளோ, அந்தப் பக்கம் அவள் உடம்பு தானாகச் சாய்ந்தது. கையை வைத்துப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. சேலை மட்டும் நனைந்திருந்தது.

கழுத்தில் ஈர மூச்சு பட்டது.

தினமும் உச்சிக்கு வந்தது, பொழுது சாயும்வரை இறங்கவில்லை. கண்மாய்க்குப் போய் மூன்று நாள் அனுப்பி அழுது பார்த்தாள். கனம் கூடியதே தவிரக் குறையவில்லை. பக்கத்து வீட்டு ஒச்சம்மாள்தான் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"ரேடியோப் பெட்டி கூப்ட்டுல்ல வந்திருக்கு. பெட்டி சொன்னாத்தேன் போகும்."

சுருளிவேல் திண்டுக்கல்லில்தான் இருக்கிறான், பேகம்பூரில் தோல் வேலைக்காரர்கள் வீட்டில் தங்கிப் பதிந்துகொண்டிருக்கிறான் என்று சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். மறுநாளே உச்சிப்பொழுதில் கருப்பம்மாள் பஸ் ஏறினாள். மீதிப் பாட்டையும் ரேடியோவில் போடச் சொல்லிக் காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பிள்ளை நிம்மதியாகப் போய்ச் சேர வேண்டும், புருஷன் கஞ்சி வாங்கிக் குடிக்க வேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

கண்டக்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டே அவள் மடியைப் பார்த்தார்.

"ஆறு வயசு இருக்கும்ல? அரை டிக்கெட் எடுத்துரும்மா."

அவள் எடுத்தாள்.

அவன் தங்கியிருந்த பேகம்பூர்ச் சந்து முழுக்க ஆவாரம்பட்டை வாடையும் ஊறிய தோலின் வாடையும் கலந்து அடித்தது. வீட்டுக்காரி சர்புன்னிசா தோல் பதனிடும் ஷாப்பில் மயிர் சுரண்டும் வேலைக்குப் போகிறவள். கருப்பம்மாள் வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது. அதே குழைவு, அதே பாசம்.

"இன்னொருக்கா சொல்லுங்கக்கா. நெசமா மனசுல இருக்கிறத."

அவளுக்கென்று வைத்திருந்த சொல் இல்லையா அது!

அவளைக் கண்டதும் சுருளிவேல் வெட்கப்படவில்லை. ஓடிவந்து உட்காரவைத்தான். அவள் அழுகையைக் கேட்டு நாற்பது கடிதம் வந்ததாம், பெரியவர்கள் எல்லாம் பாராட்டினார்களாம். ஊருக்கு ஊர் ரேடியோ வந்துவிட்டது, எந்தக் காதில் விழும் எதில் விழாது என்று நான் என்ன கண்டேன் என்றான்.

"கார்டு போட்டது நீதானப்பா" என்றாள் கருப்பம்மாள்.

அவன் குனிந்து டேப்பைச் சரிசெய்யத் தொடங்கினான். அவள் மீதிப் பாட்டைக் கேட்டாள். டேப்புக்குத் தட்டுப்பாடு, வேண்டாததை அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்ததைப் பதிவதுதான் வழக்கம், சர்புன்னிசா பேச்சு இப்போது அதில்தான் ஏறியிருக்கிறது என்றான். வேண்டாதது. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பிறகு அவள் சேலை நனைந்திருப்பதையும் அவள் ஒருபக்கம் சாய்ந்து நிற்பதையும் பார்த்தான். ஏன் என்று கேட்டான், அவள் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் கண் மின்னியது.

"இத அப்படியே சொல்லுங்கக்கா. சொல்லிட்டுப் பாடுங்க. அம்புட்டு ஜனமும் அழுதுரும்."

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். சக்கரங்கள் சுற்றின. கருப்பம்மாள் வாயைத் திறந்தாள்.

"அய்யம்மா..."

இடுப்பு லேசானது.

சுருளிவேல் புருவத்தை நெரித்தான். ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் குனிந்து பார்த்தான். பிறகு மெல்ல நிமிர்ந்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

"யாருக்கா அது..." ஹெட்போனைத் தொட்டுக் காட்டினான். "மாமான்னு கூப்புடுறது?"

அறையில் யாரும் பேசியிருக்கவில்லை.

அக்கா என்று கூப்பிட்டவன்தானே. அப்படியென்றால் பிள்ளைக்கு அவன் யார் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. போய் வா என்று நான்கு அடி பாடினால் போதும், அய்யம்மா போய்விடுவாள். அந்த நான்கு அடியும் கருப்பம்மாளின் தொண்டையில் வந்து நின்றது. எதிரே அவன் நடுங்கிக்கொண்டிருந்தான், ஆனாலும் சக்கரத்தை நிறுத்தவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"பாடுக்கா" என்று அவன் கெஞ்சினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் சர்புன்னிசா அவள் கையைப் பிடித்தாள்.

"பிள்ளைய விட்டுட்டுப் போறீகளே. அந்தா, அவுக மடியில ஒக்காந்திருக்கு."

"மாமங்கிட்டதான? இருக்கட்டும்."

சேலை காய்ந்துவிட்டது. பாசி வாடையும் அன்றோடு போயிற்று. மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் கண்ணுசாமி தோட்டத்திலிருந்து வந்து, அடுப்படியில் உட்கார்ந்தான். கருப்பம்மாள் கூழைக் கரைத்துக் கும்பாவில் ஊற்றி நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். ஒரு வாய் குடித்தான். அவளுக்கு அழுகையாக வந்தது.

பஞ்சாயத்து ரேடியோவின் பேட்டரியைச் சார்ஜ் போட ஆபீஸ் காவல்காரன் ராமர் முதல் நாளே திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோயிருந்தான். ஆபீஸ் பூட்டிக் கிடந்தது.

குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது.

தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணுசாமி கும்பாவை வாயருகே வைத்தபடியே தலையைத் தூக்கினான். கரகரப்பு அடங்கியது. ஆறு வயதுக் குரல் ஊர் முழுக்கக் கேட்டது.

"ஆத்தா, மாமங்கிட்டயும் நீதான என்னைய அனுப்புன?"

கண்ணுசாமி கும்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனான்.