மத்தியான நடை

கீழ்வீட்டு சோனாவணே அம்மா போனில் கூப்பிட்டபோது அமீர் அலி கட்டிலில் மல்லாந்து கிடந்தான். மத்தியான நேரத்தில் ஹாலில் நடப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா, குழந்தை எழுந்துவிடுகிறது என்று இந்தியில் கேட்டாள். அவனுக்கு இடது முழங்காலுக்குக் கீழே நாலு இரும்பு வளையம். வளையங்களின் குறுக்கே ஓடும் கம்பிகள் எலும்பைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தன. கக்கூசுக்குப் போவதற்கே வாக்கரும் மனைவி குல்சுமின் தோளும் வேண்டும். இந்த லட்சணத்தில் அவன் ஹாலில் உலாத்துகிறானாம்.

தான் படுக்கையில் கிடப்பதையும் ஆபரேஷன் ஆனதையும் நினைவுபடுத்தினான்.

“ஆப் ஹீ கீ சால் ஹை, பாய்சாப்,” என்றாள். உங்கள் நடைதான், இத்தனை வருஷமாகத் தலைக்கு மேலே கேட்கிறோம், எங்களுக்குத் தெரியாதா என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

அமீர் அலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழ்வீடு வரைக்கும் அவன் காலைப் பற்றித்தான் பேச்சு. சின்ன வயதில் எலும்பில் சீழ் பிடித்து, அந்தக் கால் வளராமல் நின்று, வளைந்தும் போனது. குதிகால் தரையில் படாமல், வலது காலைத் தொம்மென்று ஊன்றி, இடது நுனிக்காலை இழுத்து இழுத்து நாற்பது வயது வரை வந்தாயிற்று. சாகணில் இருக்கும் கார் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறவன் அவன். எந்தக் கேட்டில் போய் நின்றாலும் செக்யூரிட்டிக்காரன் உள்ளே போன் போட்டு, லங்கடா சேட் வந்திருக்கிறார் என்பான். நொண்டி முதலாளி. அமீர் அலி என்று ஒரு பெயர் இருப்பது எவனுக்கும் ஞாபகமில்லை. ஒரே ஒரு தடவை நேராக நடந்து அந்தக் கேட்டுக்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதற்காகத்தான் எலும்பை வெட்ட ஒத்துக்கொண்டான். வேளைக்கு ஒருமுறை வளையத்து நட்டுகளை ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சம் திருகினால், வெட்டிய இரண்டு துண்டும் மயிரிழை மயிரிழையாக விலகும். நடுவில் விழுகிற இடைவெளியில் புது எலும்பு தானே வந்து நிரம்பும் என்றார் டாக்டர்.

குல்சுமுக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் இஷ்டமில்லை. “இந்தக் காலோடதான ஒங்களக் கட்டுனேன், எனக்கு என்ன கொறஞ்சு போச்சு மச்சான்?” என்று கேட்டாள். “லிஃப்ட விட்டு எறங்கி நீங்க நடந்து வார சத்தம் கேட்டாத்தான் எனக்கு உசுரே வரும்.” அவளை அன்றைக்கு வாயை மூடச் சொல்லிவிட்டான். கேட்டில் போய் நிற்பது அவளா, இவனா?

இப்போது அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறாள். கம்பி நுழைந்த இடங்களைச் சுத்தம் செய்கிறாள், நட்டைத் திருகுகிறாள், போய்விடுகிறாள். அவன்தான் கத்துகிறான். கஞ்சி ஆறிவிட்டது என்று கத்துவான், ஜன்னலைச் சாத்து என்று கத்துவான், கம்பிக்கு அடியில் கை எட்டாத இடத்தில் அரிக்கிறதே என்று சுவரைப் பார்த்துக் கத்துவான். கடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஆசிஃப் போன் செய்தால் அவனிடமும் கத்துவான். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனிதனுக்கு வாய் ஒன்றுதானே ஓடியாடும்.

சோனாவணே அம்மா சொன்னதற்கு மறுநாள் மத்தியானம் அவனே அதைக் கேட்டான். அவர்கள் குடியிருக்கும் கொண்ட்வா பக்கத்து மழை நின்று பெய்துகொண்டிருந்தது. மகள் நாஸியாவை ஸ்கூல் பஸ்ஸிலிருந்து கூட்டிவர குல்சும் குடையோடு கீழே போயிருந்தாள். கரண்ட் இல்லை. காயாத துணியின் புளிச்ச வாடையும் காயத்துக்குப் போடும் மருந்தின் நெடியும் அறைக்குள் கலந்து நிற்க, ஜன்னல் கம்பியிலிருந்து சொட்டுகிற தண்ணீரையும், தூரத்தில் எவனோ ஜெனரேட்டரை ஓடவிட்டு மறந்துபோன உறுமலையும் கேட்டபடி அரைத்தூக்கத்தில் கிடந்தவனுக்கு, அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில் இன்னொன்று வெகுநேரமாகவே நடந்துகொண்டிருப்பது மெல்லத்தான் உறைத்தது. தொம். சர்க். தொம். சர்க். ஹாலில் வெறுங்காலோடு யாரோ.

மேல்வீடு என்று நினைத்தான். மேலே காதைக் கொடுத்துக் கேட்டான். இல்லை. ஒரு மனிதன் தன் நடையைத் தானே எங்கே கேட்கிறான்? அதனால் அவனுக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரமாயிற்று. அது பால்கனி வரை போனது, நின்றது, திரும்பியது. திரும்பும்போது வலது காலில் முழு எடையையும் போட்டு ஒரு சின்ன மூச்சு விட்டது. அந்த மூச்சில்தான் தெரிந்துகொண்டான். அவன் திரும்பும்போதெல்லாம் விடுகிற மூச்சு அது.

“யாரு?” என்றான். நடை நின்றது. அறை வாசலில் திரைச்சீலை அசையாமல் தொங்கியது. பிறகு, கூப்பிட்டது யாரோ எவரோ என்பது போல, நடை சமையலறைப் பக்கம் போனது. அங்கே ஒரு டம்ளரில் யாரோ தண்ணீர் மொண்டார்கள்.

அவன் குல்சுமிடம் சொல்லவில்லை. சொன்னால், மாத்திரை வேலை என்பாள். அவனும் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தான். மத்தியானம் வரக் கூடாதே என்று காலையிலிருந்தே பயப்பட ஆரம்பித்தான்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். வெட்டிய இரண்டு துண்டுக்கும் நடுவே கறுப்பாக இருந்தது. இந்நேரத்துக்குப் பஞ்சு போல வெள்ளையாக ஏதாவது படர்ந்திருக்க வேண்டும், உங்களுக்கு ஒன்றுமே வரவில்லை என்றார். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, சிலருக்கு அப்படி ஆகும் என்றார். நட்டில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

பொறுத்துப் பார்ப்போமாம். இத்தனை மாதமாக வேறென்ன செய்தான்? திரும்பி வரும்போது காரில் அமீர் அலி எக்ஸ்ரே உறையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். இவ்வளவு வலியும் ஒரு கறுப்பு ஓட்டைக்குத்தானா என்று இருந்தது.

அன்று சாயங்காலம் நாஸியா கட்டிலருகே வந்து நின்றாள். இரண்டாம் வகுப்பு. அவள் பேசுகிற தமிழில் பாதி வேறு எதுவோ.

“வாப்பா, நீங்க ஸ்டார் போட்டு குடுத்தீங்க நா, அந்த ட்ராயிங், மிஸ் போர்டுல ஒட்டிட்டாங்க.”

“நான் எப்ப போட்டேன்?”

“ஹால்ல. டேபிள் கிட்ட நின்னு போட்டீங்க.” அவள் வளையங்களைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “ஹால்ல நீங்க நல்லா பேசுறீங்க. ரூம்ல மட்டும் ஏன் கத்துறீங்க வாப்பா?”

அவளை வெளியே போகச் சொன்னான். அதையும் கத்தித்தான் சொன்னான்.

குல்சும் மருந்துத் தட்டோடு வந்து, கம்பிகளைச் சுற்றித் துடைக்க ஆரம்பித்தாள். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. கண்ணுக்கு மை தீட்டியிருந்தாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவன் அதைப் பார்த்ததே இல்லை.

“ஏட்டி, ஹால்ல நடக்கது யாரு?”

அவள் அடுத்த கம்பிக்குப் பஞ்சை மாற்றினாள். தலையை நிமிர்த்தவில்லை.

“அவிய பாட்டுக்கு நடந்துட்டுப் போறாவ,” என்றாள். “ஒங்கள என்ன செஞ்சாவ? ஒரு சத்தம் போடமாட்டாவ, ஒரு சொல்லு சொல்லமாட்டாவ.”

“அது நான் இல்லட்டி. நான் இங்க கெடக்கேன்.”

“இங்கதான கெடக்கிய,” என்றாள் குல்சும். பழைய பஞ்சை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். ஸ்பேனரைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இரவு முழுக்க அவனுக்கு ஒரே யோசனை. அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று அவன் கழற்றிப்போட்ட நடை அது. போக இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. திருப்பி எடுத்துக்கொண்டால்? கால் பழையபடி குட்டையாகிவிட்டால் வெளியே நடக்க அதற்கு என்ன மிச்சமிருக்கும்? லங்கடா சேட்டாகவே இருந்துவிட்டுப் போகிறான். பெண்டாட்டியும் பிள்ளையும் இந்த அறைக்குள் வந்தால் போதும். வந்து அவனைப் பார்த்தால் போதும்.

மறுநாள் மத்தியானம் குல்சும் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் ஸ்பேனரை எடுத்தான். உட்கார்ந்து, குனிந்து, முதல் நட்டில் மாட்டினான். மழையில்லை. வெளிச்சம் மட்டும் சாம்பலாக இருந்தது. ஹாலில் அது ஏற்கெனவே தொடங்கியிருந்தது. தொம். சர்க்.

எதிர்ப்பக்கம் திருகினான். வலி இடுப்பு வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த நட்டு. அடுத்தது. உள்ளே இரண்டு துண்டும் நெருங்குவது வலியிலேயே தெரிந்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. மறுபடி முதல் நட்டிலிருந்து. தொம். சர். வெளியே இழுக்கிற சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. காதைத் தீட்டினான். ஆமாம். குறைகிறது.

போகிறது என்று நினைத்தான். சிரிப்பே வந்துவிட்டது. போ. போய்த் தொலை.

திருகினான். டாக்டர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. தொம். ச. ஸ்பேனர் வழுக்கி விழுந்தது, எடுத்தான். திருகினான். தொம். இழுவை இல்லை. ஒரே சத்தம்தான்.

தொம்.

இல்லை.

தொம். தொம். இரண்டு காலும். ஒரே அளவு. ஒரே எடை.

தொம். தொம். தொம். தொம்.

அவன் திருகுவதை நிறுத்தினான். அது நிற்கவில்லை. ஹாலின் நீளத்துக்கும் நிதானமாக, நேராக, குதிகால் தரையில் முழுசாகப் பதிய நடந்தது. பால்கனியில் திரும்பியது. மூச்சு விடவில்லை. இனி அதற்கு மூச்சு வாங்கத் தேவையில்லை.

வாசல் கதவு திறந்தது. நாஸியாவின் புத்தகப்பை சோபாவில் விழுந்தது. நடை அவர்களை நோக்கிப் போனது.

“மச்சான்,” என்றாள் குல்சும். குரல் உடைந்திருந்தது. “மச்சான், நேரா நடக்கியளே.”

“குல்சும்,” என்று இவன் கூப்பிட்டான். “ஏ குல்சும். நான் இங்க இருக்கேன்.”

“குதிகால் படுது மச்சான். பாருங்க, படுது.” அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிற அழுகை. நாஸியா கை தட்டினாள்.

“அது நான் இல்லட்டி.”

திரைச்சீலைக்கு அடியில் கால்கள் வந்து நின்றன. குல்சுமின் கால். நாஸியாவின் சாக்ஸ் போட்ட கால். நடுவில் இரண்டு ஆண் கால்கள், பக்கத்தில் பக்கத்தில், சமமாக. இடது கெண்டையைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன வடுக்கள். எல்லாம் ஆறியிருந்தன.

“உள்ள ஏதோ சத்தம் கேக்குது,” என்றாள் நாஸியா.

“ஒண்ணுமில்லமா.” பதில் சொன்னது அவன் குரல். அவன் இத்தனை மாதமாகப் பேசாத சாந்தமான குரல். “வா, சாகண் போவோம். வாப்பா கேட்டுக்குள்ள நடந்து போறத நீ பாக்கண்டாமா?”

கால்கள் திரும்பின. ஒன்றாகப் போயின. வாசல் கதவு பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

எழ வேண்டும். வாக்கர் சுவரோரம் இருந்தது. எட்டிப் பிடித்துவிடலாம். காலைக் கீழே இறக்கத் தயாராகி, வரப்போகிற வலிக்காக உடம்பை இறுக்கிக்கொண்டான்.

வலி வரவில்லை.

இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எங்குமே வலிக்கவில்லை. அமீர் அலி குனிந்து பார்த்தான்.

நாலு வளையமும் தலையணை மேல் வைத்தபடியே நின்றன. கம்பிகள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தன. அவற்றுக்கு நடுவே, கால் இருக்க வேண்டிய இடத்தில், தலையணை உறையில் அச்சடித்த நீலப் பூக்கள் ஒன்று விடாமல் தெரிந்தன.