எல்லை தாண்டாத கூடை

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஓசூருக்கு வடக்கே எங்கள் ஊரில், அந்தக் கார்த்திகையில் காக்கைகள் வெள்ளையாகிவிட்டன. அவரைத் தோட்டத்துக்குள் கறுப்பாகப் போகும் காக்கை, வெளியே வரும்போது கொக்காக வரும். நம்பாதவர்கள் காக்கைகளை விசாரித்துக்கொள்ளலாம்.

எல்லாம் வெள்ளைப்பூச்சியின் வேலை. ஒரு பூச்சி அரிசி நொய்யில் பாதிகூட இருக்காது. இலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு குடிக்கும். தொட்டால் மாவு பறப்பதுபோல் பறக்கும். அது உட்கார்ந்த இலை மஞ்சள் வலையாகிச் சுருளும். பிறகு பூவும் இல்லை, காயும் இல்லை.

முதலில் போனது கங்கப்பனின் தோட்டம். அவர் மகள் முனிலட்சுமிக்குப் பத்து வயது. இலை இலையாகத் துடைத்துப் பார்த்தாள். சாம்பல் தூவிப் பார்த்தாள். பூச்சிகளைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் திட்டிப் பார்த்தாள். எந்தப் பாஷையும் பலிக்கவில்லை.

கங்கப்பன் வரப்பில் உட்கார்ந்து, சுருண்ட இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஊர்ப் பெரியவர் திம்மப்பன், நோயை எல்லைக்கு அனுப்ப வேண்டும் என்றார். அது பழைய வழக்கம். நோய்ப்பட்ட செடிகளைக் கூடையில் வைத்து, மஞ்சள் தெளித்து, மேளத்தோடு ஓடைவரை போவார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம். ஒரு சிறுமி மட்டும் ஓடையைக் கடந்து கூடையை வைத்துவிட்டு வரவேண்டும். மற்றவர்கள் முதுகைக் காட்டி நிற்கவேண்டும். திரும்பிப் பார்த்தால் நோய் கூடவே வந்துவிடுமாம்.

"கங்கப்பா, உன் தோட்டம்தான் முதல்ல போச்சு. உன் பொண்ணே தூக்கட்டும்," என்றார் திம்மப்பன்.

முனிலட்சுமிக்குக் களி இறங்கவில்லை. ஓடையின் அந்தக் கரையில் இருந்தது அவள் தோழி கெம்பம்மா வீட்டு அவரை. இருவரும் ஒன்றாக ஆடு மேய்ப்பவர்கள். அந்தத் தோட்டத்துக்குப் பூச்சி இன்னும் போகவில்லை.

"அப்பா, கூடைய அங்க வெச்சா கெம்பம்மா தோட்டமும் போயிடும்."

"அவங்க வேற ராஜ்யம் பாப்பா."

"அது பூச்சிக்குத் தெரியுமா?"

கங்கப்பன் களியை உருட்டி உருட்டித் தட்டிலேயே வைத்தார்.

"அனுப்பிட்டா நம்ம தோட்டம் பொழைக்குமா?"

"பொழைக்கறதுக்கு அங்க என்ன இருக்குது?" என்றார்.

"அப்புறம் எதுக்குப்பா அனுப்பணும்?"

கங்கப்பன் கை கழுவ எழுந்து போனார்.

பிடுங்கி வேலியில் எறிந்த செடியிலிருந்து பூச்சிகள் எழுந்து, பக்கத்துக் கொடிக்குப் போனதை அவள் பார்த்திருந்தாள். மாட்டுத் தொட்டியில் விழுந்த செடியிலிருந்து ஒன்றுகூட எழவில்லை. தவிடுபோல் மிதந்தன.

மறுநாள் உச்சி வெயிலில் மேளம் கிளம்பியது. முனிலட்சுமி கூடைமேல் ஈரச் சாக்கைப் போர்த்தினாள்.

"சாக்கு எதுக்கு?" என்றார் திம்மப்பன்.

"வெயிலுங்க. நோய் வாடிப் போயிடும்."

அது நியாயமாகத்தான் பட்டது அவருக்கு.

ஓடையில் எல்லோரும் முதுகைக் காட்டி நின்றார்கள். முனிலட்சுமி நடு ஓடைக்குப் போனாள். அங்கே கூடையோடு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கரையில் ஆடு மேய்த்த கெம்பம்மா, என்ன செய்கிறாய் என்று கன்னடத்தில் கேட்டாள்.

"சத்தம் போடாத. கல்லு எடுத்துட்டு வா."

கூடை மேலே வராதபடி இருவரும் கற்களை அடுக்கினார்கள்.

"வெச்சியா?" என்று திரும்பாமலே கேட்டார் திம்மப்பன்.

"வெச்சேனுங்க."

"எல்லைலயா?"

"எல்லைலதானுங்க."

பொய் இல்லை. எல்லை நடு ஓடையில்தான் இருந்தது.

"ஏன் நனைஞ்சிருக்க?" என்றார், அவள் கரையேறியதும்.

"ஓடைல தண்ணி இருக்குதுங்க."

பத்து நாள் ஆயிற்று. எங்கள் ஊரில் மீதித் தோட்டங்களும் மஞ்சளாகின. அக்கரை மட்டும் பச்சையாக இருந்தது. திம்மப்பனுக்கு அது பொறுக்கவில்லை.

"ஒரு கூடை பத்தல. இன்னும் அனுப்பணும். இந்தவாட்டி வேற பொண்ணு தூக்கட்டும்."

முனிலட்சுமி அப்பாவைப் பார்த்தாள். வேறு பெண் என்றால் கூடை அக்கரைக்கே போய்விடும்.

அப்போது கங்கப்பன் எழுந்தார். முந்தின நாள் மாடு கழுவ ஓடைக்குப் போனவர் அவர்.

"வேற பொண்ணு வேணாங்க. எம் பொண்ணே தூக்கட்டும். பழகிட்டா."

பிறகு மகளிடம் குனிந்து, "கல்லு பத்துமா பாப்பா?" என்றார்.

அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் மேளம் அடித்தது. மேளக்காரரின் கை வீங்கி, சட்டைக்குள் நுழையாமல், அவர் பொங்கலுக்கு ஒற்றைக் கைச் சட்டை தைத்துக்கொண்டார். கூடை கூடையாகச் செடிகள் போயின. கடைசியில் ஊரில் பூச்சி உட்கார ஓர் அவரை இலை இல்லை. மனுஷர் தின்ன ஒரு காயும் இல்லை. அவரைக்குழம்பு கொதிக்க வேண்டிய தை மாதத்தில், உப்பும் மிளகாயும் தொட்டுக் களி தின்றோம். வெறும் நிலத்தைப் பார்த்துப் பெரியவர்கள் அழுததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

விதைக்கு ஒரு காய்ந்த நெத்துகூட யாரிடமும் இல்லை. கெம்பம்மா வீட்டில் இருந்தது. மடி நிறையக் கட்டிக்கொண்டு அவளே ஓடையைத் தாண்டி வந்தாள்.

ஆடியில் விதைத்தது முளைத்து, செடிக்கு நாலைந்து இலை விட்டது. கங்கப்பன் குனிந்து ஓர் இலையைப் புரட்டினார்.

"ஒண்ணுமில்ல பாப்பா."

"இருப்பா, நானும் பாக்கறேன்."

அவளும் புரட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

இருவரும் அடுத்த செடிக்குப் போனார்கள்.