தேனும் தகரமும்

"காலையில தேன் மாதிரி இருந்துச்சு மேடம். டீ குடிச்சிட்டு வந்து தொட்டேன், தகரம்."

"தகரம்னா?"

"தகரம்னா தகரந்தான். அதை எப்படிச் சொல்றது?"

"அதை வெச்சுத்தான் டீ இடைவேளையில எடுத்தாங்கன்னு சொல்றீங்க?"

"என் காது பொய் சொல்லாது மேடம்."

மாலை நான்கு மணி. தரைக்குக் கீழே இருந்த அந்தப் பதிவுக்கூடத்தில் ஐந்து பேர் அடைபட்டிருந்தார்கள். சுவரெங்கும் கறுப்பு நுரைப்பஞ்சு. பேசிய சொல்லை அது அப்படியே விழுங்கிவிடும். கைப்பேசிக்கு சிக்னல் கிடையாது. கடலடியில் பழுதாகி நின்றுபோன கப்பலுக்குள் இருப்பது போல இருந்தது. வெளியே போக இருந்த ஒரே கதவின் சாவி கூடத்து முதலாளியின் கைக்குள். பொருள் கிடைக்கும்வரை ஒருவரும் வெளியே போகக்கூடாது என்று அவர்தான் பூட்டியிருந்தார்.

கேள்வி கேட்டவர் குற்றப்பிரிவில் உதவி ஆய்வாளர். விடுப்பில் இருந்தவர், டிரம்ஸ் வாசிக்கும் தம்பியை அழைத்துப் போக வந்து, வந்த வேகத்தில் மாட்டிக்கொண்டார். பதில் சொன்னவர் பேஸ் கிட்டார்காரர். வாசிக்கும்போது இம்மியும் அசைய மாட்டார் என்பதால் எல்லோருக்கும் அவர் தூண். கிட்டார் மேசைமேல் வயிறு திறந்து கிடந்தது. அதன் தோள்வார் மட்டும் இன்னும் தூணின் தோளிலேயே தொங்கியது.

காணாமல் போனது அந்தக் கிட்டாருக்குள் இருந்த கெப்பாசிட்டர். சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. ஒரு பழைய வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றியது. அதை மாட்டினால் பேஸின் குரலே மாறிவிடும் என்று தூண் பல வருடங்களாகச் சொல்லிவந்தார். முதலாளி நாயாய் அலைந்து அதைத் தேடிப் பிடித்தார். நாளை நண்பர்களை வரவழைத்து, திரைக்குப் பின்னால் தூணை உட்காரவைத்து, எது எதுவென்று அவர்கள் காதால் மட்டுமே கண்டுபிடிக்கும்படி, இதையும் சாதாரண கெப்பாசிட்டரையும் மாற்றி மாற்றி மாட்டி வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு.

காலையில் அதைப் பற்றவைத்துப் பொருத்தியவர் கருவிகளைப் பழுதுபார்க்கும் பெண். ஈயம் உருக்கிப் பிழைப்பதால் ஈயக்கா. டீ இடைவேளையில் மற்றவர்கள் மாடிக்குப் போனபோது அவர் மட்டும் கீழேயே இருந்தார். திரும்பி வந்த தூண் இரண்டு சுரம் வாசித்துவிட்டு முகம் சுளிக்க, முதலாளி மூடியைக் கழற்றினார். உள்ளே வெட்டுப்பட்ட இரண்டு கம்பிகள் விறைத்து நின்றன. எல்லோர் முன்னாலும் அவர் ஈயக்காவைத் திருடி என்றார். எல்லாப் பதிவுக்கூடங்களுக்கும் சொல்லிவிடப்போவதாகவும் சொன்னார். சொல்லிவிட்டால், இனி ஒருவரும் ஈயக்காவை நம்பி ஒரு கருவியைக் கொடுக்க மாட்டார்கள்.

அவருடைய பையைக் கொட்டிப் பார்த்தாயிற்று. எல்லோருடைய சட்டைப்பைகளையும் தடவிப் பார்த்தாயிற்று. கிடைக்கவில்லை.

ஆய்வாளர் ஈயக்கா பக்கம் திரும்பினார்.

"எனக்குப் பாட்டும் தெரியாது, கரண்டும் தெரியாதுக்கா. அது என்னதான் செய்யும்?"

"இந்தக் குமிழைத் திருகி மூட மூட, சத்தத்தோட கூர்மையை அது குடிச்சிடும் மேடம். மொத்தமாத் திறந்து வெச்சா அதுக்கு வேலையே இல்ல. இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு."

தூண் எப்படி வைத்து வாசிப்பார் என்று கேட்டதற்குத் தம்பி சிரித்தான். முழுசாகத் திறந்துவிட்டு, கை பட்டு நகரக்கூடாது என்று குமிழை டேப்பால் ஒட்டிவிடுவாராம். கட்டுப்போட்ட விரல் என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு.

மூடியைக் கழற்றும்போது டேப் இருந்ததா என்று ஆய்வாளர் முதலாளியிடம் கேட்டார்.

"இருந்துச்சு. மூடியோட ஒரு ஸ்குரூ மேலயும் சேர்த்து ஒட்டியிருந்தான். நகத்தால சுரண்டி எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

டேப் மேசை விளிம்பில் ஒட்டிக் கிடந்தது. ஆய்வாளர் அதை விளக்கருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, காலையில் பதிவு செய்ததையும் டீக்குப் பின் பதிவு செய்ததையும் எது எதுவென்று சொல்லாமல் போடும்படி தம்பியிடம் சொன்னார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதலாவது முடிந்ததுமே, இதுதான் காலையில் வாசித்த தேன் என்றார்.

தம்பி தரையைப் பார்த்தான். "அது டீக்கு அப்புறம் வாசிச்சது முதலாளி."

காலையில் தான் கிட்டாரைக் கொடுத்தபோது குமிழில் டேப் இல்லை என்றார் ஈயக்கா. சுருதி சேர்க்கிறேன் என்று பக்கத்து அறைக்கு எடுத்துப்போய்த் தூண்தான் ஒட்டிக்கொண்டு வந்தாராம்.

"டேப்பைப் பிரிக்காம மூடி திறக்காது," என்றார் ஆய்வாளர். "பிரிச்சு மறுபடி ஒட்டியிருந்தா ஸ்குரூ தலையோட தடம் ரெண்டு விழுந்திருக்கும், பசையும் தளர்ந்திருக்கும். இதுல தடம் ஒண்ணுதான். அப்ப இடைவேளையில யாரும் திறக்கல. டேப் ஒட்டறதுக்கு முன்னாடியே உள்ள எதுவும் இல்ல. காலை பூரா நீங்க எல்லாரும் தலையாட்டிக் கேட்டது கெப்பாசிட்டரே இல்லாத கிட்டாரை. குமிழ் முழுசாத் திறந்திருக்கும்போது தேன் எப்படித் தகரமாச்சு தூண் சார்? பை, சட்டைப்பை எல்லாம் பார்த்தாச்சு, உங்க தோள்ல தொங்கறதை மட்டும் யாரும் பார்க்கல. அந்தத் தோள்வாரைக் கொஞ்சம் கழட்டுங்க."

தூண் அசைந்தார். தோள்வாரின் தோல் மடிப்புக்குள் விரலை விட்டு அந்தச் சின்ன உருளையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"பக்கத்து ரூம்ல வாசிச்சுப் பார்த்தேன். எப்பவும் போலத்தான் இருந்துச்சு. குமிழை மூடியும் பார்த்தேன், பழையதுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியல. எத்தனை வருஷமா எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்... நாளைக்குத் திரைக்குப் பின்னால உக்காந்து நான் எப்படி..."

பழி யார் தலையில் விழும் என்று தெரியாதா என்று ஆய்வாளர் கேட்டார். தூண் ஈயக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதலாளி கெப்பாசிட்டரைத் தொடக்கூட இல்லை. யார் கண்ணையும் பார்க்காமல் கதவுக்குப் போய்ச் சாவியைத் துவாரத்துக்குக் கொண்டுபோனார்.

"கதவு இருக்கட்டும் முதலாளி." ஈயக்கா கொட்டிக் கிடந்த தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். "என்னை ஒரு வார்த்தை சொன்னீங்க. இவங்க எல்லார் முன்னாடியும்தான் சொன்னீங்க. இவங்க இங்க இருக்கும்போதே அதைத் திரும்ப எடுத்துக்குங்க."

சாவி துவாரத்துக்கு அருகிலேயே நின்றது. நுரைப்பஞ்சுச் சுவர்கள் ஈயக்கா சொன்னதையும் விழுங்கிவிட்டு, அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தன.