பாதி திரும்பிய கைப்பிடி

மாலை ஐந்து நாற்பதுக்கு நிம்மியின் மடிக்கணினியில் மறுபடியும் அந்தச் சொல் வந்தது: 'வந்துட்டேன்.'

கணவன் சோஜன் எழுதிய சின்ன ப்ரோக்ராம். அவன் செல்போன் வீட்டு வைஃபையைத் தொட்டதும் சொல்லும். அவள் சாயாவுக்குத் தண்ணீர் வைப்பாள். படகு கவிழ்ந்து அவன் போய், தேவாலயத்தில் நாற்பத்தொன்றாம் நாள் குர்பானாப் பூசையும் முடிந்தது. உடல் கிடைத்தது. செல்போன் இன்னும் காயலுக்கு அடியில்.

சோஜனுடன் வேலை பார்த்த ரெஜீஷைக் கூப்பிட்டாள்.

"சேட்டன் ப்ரோக்ராம்ல பிழையா? உயிரோட இருந்தப்ப ஒண்ணுகூட என் கையில சிக்கல சேச்சி."

"விளையாடாதடா. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"ஓடுறப்பவே பிடிச்சு நிறுத்துங்க. அப்படியே உறைஞ்சு நிக்கும். அப்புறம் ஒவ்வொரு வரியா நகர்த்துங்க."

சோஜன் எழுதிய மூலவரிகள் எங்கும் இல்லை. மிஞ்சியது இயந்திர மொழி மட்டும். அதைப் பிரித்துப் பிரித்து மனிதர் படிக்கும் வரிகளாக மாற்ற அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது.

அன்று ஐந்தரைக்கே ப்ரோக்ராமில் நிறுத்தப் புள்ளியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். காக்கநாட்டு மழை பால்கனித் தகரத்தில் ஓயாமல் விழுந்துகொண்டிருக்க, மூடிய வாசல் கதவின் கீழிருந்து பாசியும் சேறும் கலந்த வாடை மெல்ல அறைக்குள் ஏறியது.

ஐந்து நாற்பது. ப்ரோக்ராம் நின்றது. திரையில் சிக்னல் எண்: மைனஸ் எழுபத்தொன்று. செல்போன் நெருங்க நெருங்க அது பூஜ்யத்தை நோக்கி ஏறும்.

ஒரு வரி நகர்த்தினாள். படிக்கட்டில் ஈரக்கால் ஒன்று பதியும் சத்தம் கேட்டது.

கையை எடுத்தாள். சத்தமில்லை.

இன்னொரு வரி. இன்னொரு காலடி. மைனஸ் ஐம்பத்தெட்டு.

வழக்கமான வேகத்தில் இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரம். அதனால்தான் இத்தனை நாள் அவள் காதில் விழவில்லை.

"சோஜா?"

தண்ணீர் சொட்டும் சத்தம்கூட இல்லை.

இன்னொரு வரி. மைனஸ் முப்பது. கதவுக்கு வெளியே.

இன்னொன்று. 'வந்துட்டேன்.' கைப்பிடி திரும்பத் தொடங்கியது. பாதியில் நின்றது.

மிச்சம் ஒரே வரி. 'இணைப்பை விடு.' சொல்லை அனுப்பியதும், அவன் எழுதியதே அவனைத் தினமும் காயலுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. உள்ளே வர ஒரு வரி அதில் இல்லை.

கதவடியில் ஊறிய நீர், பரவாமல் கண்ணாடிபோல் நின்றது.

நிம்மி சார்ஜரைச் செருகினாள். அவனுடைய நோட்டில் எழுதினாள்: கடைசி வரிக்கு முன் நிறுத்து. தொடராதே. கணினியை அணைக்காதே. அவன் போகமாட்டான்.